சொட்டுச் சொட்டாய் சுண்ணாம்பு நீர்



மணிமங்கலத்தில் ஏரி இருக்கு, கடல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் 60 லிட்டர் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது! இரண்டு கோமாளி மீன், சில நத்தைகள். பவளம் இல்லை. கடலிலிருந்து அதை எடுப்பது சட்டப்படி குற்றம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பவளமும் நத்தையும் அதை எடுத்துத்தான் கூடு கட்டுகின்றன. மன்னார் வளைகுடாவில் கடலே அதை நிரப்பும். தொட்டியில் நாம்தான் நிரப்பணும்.

தேவையானவை: மூடியுள்ள பாட்டில், புது குளுக்கோஸ் டியூப், சுத்தமான சுண்ணாம்பு நீர் (தெளிந்தது மட்டும். கண்ணில் படக்கூடாது).

கணக்கு: தினம் ஆவியாகும் நீர் 500 மி.லி. 1 மி.லி. = 20 சொட்டு (கவரில் இருக்கும்).
500 × 20 = 10,000 சொட்டு.
இரவு 12 மணி நேரம் = 720 நிமிடம்.
10,000 ÷ 720 = நிமிடத்துக்கு சுமார் 14 சொட்டு.

ஏன் இரவில்? இருட்டில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுக்காது. அதனால் பி.எச். இறங்கும். சுண்ணாம்பு நீர் அதை ஏற்றும்.

நான் செய்த தப்பு: முதல் நாள் 2 லிட்டர் நிரப்பி வைத்தேன். ராத்திரி டியூபின் சக்கரம் நழுவி, எல்லாம் கொட்டிடுச்சு. காலையில் தண்ணீர் பால் மாதிரி இருந்தது. ஒரு மீன் செத்துப்போச்சு. அழுதேன்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் மாமா சொன்னார்: "மெஷின் கெடாதுன்னு நம்பாதடா. கெட்டாலும் நஷ்டம் வராத மாதிரி வை."

இப்போது பாட்டிலில் ஒரு நாள் அளவு 500 மி.லி. மட்டும்தான். மீதி மீன் நலம்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்