வளரிளம் பருவத்தினரும் இணையவழி மனநலப் பணியும்

நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுகளுக்கு உள்ளாகியிருந்தனர் எனப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வு மதிப்பிட்டது. மாணவர்களுக்கென மத்திய கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் 'மனோதர்ப்பண்' பணியைத் தொடங்கியது. அனைவருக்குமாக 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' தொலைபேசிப் பணி 2022 அக்டோபர் 10இல் தொடங்கிற்று; 2024இல் அதற்கெனச் செயலியும் வந்தது. வாயில் திறந்தாயிற்று, நுழைந்த சிறுவர் சிறுமியர் எத்தனை வாரம் தொடர்கின்றனர் என்பதே இனி எழும் வினா.

இணையவழித் திட்டத்தில் மேலும் ஒருவரைப் பதிவு செய்வதற்கான இறுதிநிலைச் செலவு ஏறத்தாழ இல்லை எனலாம். அவரை நான்காம் வாரம் வரை தொடரச் செய்வதற்கான செலவோ அத்தகையதன்று. அது ஆலோசகரின் அல்லது ஆசிரியரின் நேரமாகும். முன்னதற்கு மட்டும் நிதி ஒதுக்கினால் பதிவேடுதான் பெருகும்.

ஆஸ்திரேலியாவில் உருவான 'மூட்ஜிம்' என்னும் இணையப் பயிற்சி இதற்குத் தக்க சான்று. தாமாகவே வந்து பதிந்துகொண்ட இளையோரைக் காட்டிலும், பள்ளியில் பயின்றோர் கூடுதலான பயிற்சிகளை முடித்தனர் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. பயிற்சி ஒன்றே, குறித்த வேளையும் கேட்பார் ஒருவரும் இருந்தமையே வேறுபாடு எனக் கருத இடமுண்டு. பரிசுப் புள்ளிகளும் வண்ணப் படங்களும் இதற்கு ஈடாகுமா என்பது ஐயத்திற்குரியது.

நம் நாட்டில் வேறொரு தடையும் உண்டு. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதினரிடையே நடத்தப்பெற்ற 2023ஆம் ஆண்டின் 'ஏசர்' ஆய்வின்படி, திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினரே சொந்தமாக ஒன்றை வைத்திருந்தனர், பெண்களில் 19.8 விழுக்காட்டினரே. தமையனிடம் இரவல் வாங்கிய கருவியில் எந்தப் பெண் மனம் திறப்பாள்? அவள் பாதியில் விலகுவதை ஆர்வக்குறைவு என எழுதிவைப்பது முறையன்று.

2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, வாரம் ஒரு மணி நேரத்தை ஒதுக்க வகை செய்கிறது. இணையவழிப் பயிற்சியை அவ்வேளையோடு இணைத்தல் இயலும். வீட்டுக் கருவியின் தேவை அப்போது குறையும். ஆயினும் தன்னுயிரை மாய்க்கும் எண்ணம் கொண்டோரைப் பயிற்சியளவில் நிறுத்தாது, உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

மாவட்ட அறிக்கைகளில் பதிவு எண்ணிக்கையோடு நான்காம் வாரத்தில் எஞ்சியோர் தொகையும், ஆண் பெண் எனத் தனித்தனியே, இடம்பெறுதல் நலம். நலம் பெற்று நின்றவரையும் சலித்து விலகியவரையும் அதில் ஒரே கட்டத்தில் அடைத்துவிடலாகாது.