வேப் வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை: 16 குறிப்புகள்

போன சித்திரையில் துபாயிலிருந்து லீவில் வந்த என் நாத்தனார் மகன், சட்டைப் பையிலிருந்து குட்டை மார்க்கர் பேனா மாதிரி ஒன்றை எடுத்துத் திண்ணையில் வைத்தான். “சிகரெட்டை விடறதுக்குத்தான் அத்தை இது. புகையே கிடையாது, வெறும் ஆவி” என்றான். பத்து வருஷமாகச் சிகரெட் பிடிக்கிற பிள்ளை அதை விட நினைத்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த ஆவி என்னவென்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்காகக் குறிப்புகளாக எழுதியிருக்கிறேன். “புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எது நல்ல வேப்?” என்று யாராவது கேட்டால் இதைப் படிக்கக் கொடுங்கள்.

1. பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்கிற வேப்பில் இருப்பது நான்கே சங்கதி: ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு, திரவம் ஊற்ற ‘பாட்’ எனப்படும் சின்ன டப்பா. வாயில் வைத்து இழுத்தால் சுருள் சூடாகும்; பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகி நெஞ்சுக்குள் போகும். அது தண்ணீர் ஆவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோட்டின் ஆகியவற்றின் கலவை. சுக்கு போட்டு ஆவி பிடிப்பதோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

2. பஞ்சைப் பாருங்கள். நாங்கள் பழைய பேப்பரை விரித்து நாத்தனார் மகனின் வேப்பிலிருந்த பாட்டைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு, அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. மாம்பழ வாசனைக்கு அடியில் தீய்ந்த வெல்லத்தின் நெடி. திரவம் குறைந்து பஞ்சு காய்ந்த நிலையில் இழுத்தால் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகி, ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் கூடுதலாக உண்டாகும். சுருள் கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும் ஆவியில் கலப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

3. நிக்கோட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மி.லி.க்கு 20 மி.கி. நிக்கோட்டின் உள்ள திரவத்தை 2 மி.லி. கொள்ளும் ஒரு பாட் நிறைய ஊற்றினால் மொத்தம் 40 மி.கி. ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் சேருவது ஏறத்தாழ 1 முதல் 2 மி.கி. அந்தப் பாட் டப்பாவில் இருப்பதெல்லாம் அப்படியே உடம்புக்குள் போய்விடாது என்றாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சிகரெட் எரிந்து தானாகவே முடிந்துவிடும்; கையும் ஓய்ந்துவிடும். வேப்பில் அப்படி ஒரு முடிவு கிடையாது. டி.வி. பார்த்துக்கொண்டே, படுத்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு இழுத்தோம் என்பது இழுத்தவருக்கே தெரியாது.

4. பருத்திக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பருத்தியில் அசுவினி விழுந்தால் புகையிலையை ஊறவைத்து, சோப்புக் கரைத்துத் தெளிப்பது பழைய வைத்தியம். அந்தப் பூச்சியைக் கொல்வதும் இதே நிக்கோட்டின்தான். தெளித்த கையைத் தேய்த்துக் கழுவாமல் சோற்றில் கை வைக்கப் பெரியவர்கள் விடமாட்டார்கள். வேப் திரவம் கையில் பட்டாலும் அதே கவனம் வேண்டும். தோல் வழியாகவும் நிக்கோட்டின் உள்ளே போகும்.

5. வேப் விற்கவே தடை உள்ள நம் நாட்டில் “எது நல்லது” என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. விற்க அனுமதி உள்ள ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும் பாட் 2 மி.லி.க்கு மேல் கொள்ளக் கூடாது, பாட்டில் 10 மி.லி.க்கு மேல் போகக் கூடாது, நிக்கோட்டின் மி.லி.க்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது, மூடி குழந்தை திறக்க முடியாததாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு, அதைவிடத் தீங்கு குறைவு என்று பிரிட்டன் மருத்துவர்கள் இதைச் சொல்வதும் உண்டு. அங்கேயும் தீங்கே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற வகையை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் தடை செய்தும் விட்டது. நம் ஊருக்கு ஒளித்து வரும் சரக்கில் அட்டையில் போட்டிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று சோதிக்க ஆளில்லை. பார்த்து வாங்கப் பில் இல்லை, கெட்டால் கேட்கக் கடை இல்லை.

6. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேப் எனப்படும் இ-சிகரெட்டைத் தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. நாடு முழுவதற்குமான அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18-இல் வந்து, அதே ஆண்டிலேயே முழுச் சட்டமானது. தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரப்படுத்துவது எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கை இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “நண்பனுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன், காசு கொடுத்தான்” என்பதும் விற்பனைதான் என்று காலேஜ் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத ஊர் குறைவு. துபாயில் கடையில் விற்கிற பொருள் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியதும் தடைப் பொருள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து வேப் வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம். 2025 செப்டம்பரில் தண்டனையை இன்னும் கூட்டியிருக்கிறார்கள். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிப் போன வேலையை இதற்காகப் பணயம் வைக்கலாமா?

8. ஒளித்து விற்கும் சரக்கில் உள்ள ஆபத்து. 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் திடீர் திடீரென்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் சேர்த்துத் தெருவில் விற்ற பாட்களில், கெட்டியாகத் தெரிவதற்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. பாலில் தண்ணீர் கலந்தால் நாக்குக் கண்டுபிடித்துவிடும். இதில் என்ன கலந்திருக்கிறது என்று நுரையீரல் சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

9. சிகரெட் பழக்கமே இல்லாதவர் தொடவே வேண்டாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு வேப்பால் ஒரு லாபமும் இல்லை; நிக்கோட்டினுக்கு அடிமையாவதுதான் மிச்சம். மூளை வளர்ச்சி ஏறக்குறைய 25 வயது வரை நடக்கிறது. அதற்கு முன் பழகினால் விடுவது இன்னும் சிரமம். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் அந்த ஆவி இருக்கும் அறையில்கூட இருக்க வேண்டாம்.

10. பிள்ளையின் பையில் என்ன பார்க்க வேண்டும்? பென் டிரைவ், ஹைலைட்டர் பேனா, லிப்ஸ்டிக் மாதிரி இருந்து, ஒரு முனையில் வாய் வைக்கிற துளையும் மறு முனையில் சார்ஜர் குத்துகிற இடமும் இருந்தால் சந்தேகப்படலாம். மூக்கு நீண்ட சின்ன பாட்டில், அறையில் காரணமில்லாமல் பழவாசனை, அடிக்கடி நாவறட்சி, புதிதாக வந்த இருமல் ஆகியவற்றையும் கவனியுங்கள். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் முடிவுகட்டிவிடாதீர்கள்.

11. கண்டுபிடித்த அன்று அடிக்காதீர்கள். அடித்தால் பொருள் நண்பன் வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். சாப்பிட்ட பிறகு, தம்பி தங்கை இல்லாத நேரமாகப் பார்த்து, “எப்போதிருந்துப்பா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? காலையில் எழுந்ததுமே தேடுதா?” என்று கேளுங்கள். எழுந்த அரை மணிக்குள் கை தேடினால் பழக்கம் ஆழமாகிவிட்டது, டாக்டர் உதவி வேண்டும் என்று அர்த்தம். எங்கே வாங்கினான் என்பதை இரண்டாவது நாள் கேட்கலாம்.

12. குழந்தை வேப் திரவத்தை வாயில் வைத்துவிட்டால். வாயைத் துடைத்து 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எச்சில் வடிதல், வாந்தி, முகம் வெளுத்தல், நடுக்கம் ஆகியவை நிக்கோட்டின் நஞ்சின் அடையாளங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். மேலே கொட்டிவிட்டால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

13. பழைய வேப்பைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். கொல்லையில் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது நம் வழக்கம். லித்தியம் பேட்டரி தீயில் விழுந்தால் வெடிக்கும். சார்ஜர் குத்துகிற இடத்தை டேப் போட்டு மூடி, தனியாகக் கட்டி, மின்னணுக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். திரவத்தைக் கிணற்றடியிலோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ ஊற்ற வேண்டாம்.

14. விட நினைப்பவருக்கு நல்ல வழிகள் இருக்கின்றன. 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. சுருக்கென்று காரம் தெரியும் வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்து 15 நிமிஷம் கழித்துத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது. அதிகம் பிடிப்பவருக்கு 4 மி.கி. கம், மாத்திரை என்று டாக்டர் எழுதித் தருவார். பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், “புகையிலையை விடணும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிகரெட்டை விட்டு, கூல் லிப் என்கிற புகையிலைப் பையை உதட்டுக்குள் வைப்பது விட்டதாகாது. கொள்ளிக்குப் பயந்து நெருப்பில் விழுந்த கதைதான்.

15. நம்பர் சிகரெட் பாக்கெட்டிலேயே இருக்கிறது. எச்சரிக்கைப் படத்தோடு அச்சடித்திருக்கும் 1800-11-2356 நம்பரைக் கூப்பிட்டால் காசு கிடையாது. எப்படி விடுவது என்று பேசி வழிகாட்டுவார்கள். 011-22901701-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தியில் ஆலோசனை வரும். முதல் 3 நாள்தான் மிகக் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வந்து மூன்று நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர், வாயில் நாலு சோம்பு, தெருமுனை வரை ஒரு நடை. சிமெண்ட் லாரி ஓட்டுகிற தம்பிகள் வண்டியில் தண்ணீரும் வறுத்த கடலையும் வைத்துக்கொள்ளலாம். டீக்கடையில் டீயை வாங்கிக்கொண்டு பெட்டிக்கடைப் பக்கம் திரும்பாமல் வண்டிக்கே வந்துவிடலாம்.

16. வீட்டார் செய்ய வேண்டியது. விட்ட முதல் வாரம் அவர் கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள், கத்துவது நிக்கோட்டின். மிச்சமாகும் காசைக் கண்ணில் படுகிற டப்பாவில் போடச் சொல்லுங்கள்: நாளுக்கு 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36,500. இடையில் ஒரு நாள் தவறிப் பிடித்துவிட்டால், “உன்னால முடியாதுன்னு அப்பவே தெரியும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் மறுபடியும் முதல் நாள், அவ்வளவுதான்.

என் நாத்தனார் மகன் இரண்டு முறை தவறினான். இரண்டு முறையும் அவனே போன் போட்டு, “அத்தை, நேத்து பிடிச்சிட்டேன்” என்றான். “சரிப்பா, இன்னைக்கு எப்படி இருக்க?” என்று மட்டும் கேட்டேன். மூன்றாவது முறை விட ஆரம்பித்து இப்போது நாலு மாசம் ஆகிறது. போனில் அவன் பேசும்போது நடுவில் வந்துகொண்டிருந்த இருமல் இப்போது வருவதில்லை.