சாயம் ஏறாத நூலும் வெயில் காணாத இலையும்

சாயத்தொட்டியிலிருந்து எடுத்த நூற்கழியைப் பிழிந்து உலர்த்துங்கால், சில கழிகளில் மட்டும் வெளிறிய சிறு புள்ளிகள் தெரிவதை நெசவாள அங்கத்தினர்கள் கண்டிருப்பர். பழி வழக்கமாகச் சாயக்காரர்மீது விழும்; அவர் நூற்பாலையைச் சுட்டுவார். சாயப் பக்குவத்தாலும் இக்குறை நேர்வதுண்டு. ஆயினும் நுண்ணிய முடிச்சுகளாகத் தோன்றும் புள்ளிகளுக்குப் பெரும்பாலும் முதிராப் பஞ்சே காரணம். பஞ்சு ஏன் முதிரவில்லை என்று அறிய, பருத்திக்காட்டிற்குச் சென்று இலையைப் பார்க்க வேண்டும்.

செடி மண்ணைத் தின்றே வளர்கிறது என்பது நெடுங்காலமாக உலகோர் கொண்டிருந்த எண்ணம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தவரான வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் இதனைச் சோதித்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி வந்தார். 5 ஆண்டுகளுக்குப் பின் மரத்தின் எடை 169 பவுண்டு. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்! மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். இச்சோதனை 1648இல் நூலாக வெளிவந்தது. அவர் கண்டது பாதி உண்மையே. மறுபாதி காற்றில் இருந்தது. வெயிலில், அதுவும் பச்சையான உறுப்புகளே, காற்றைத் தூய்மை செய்கின்றன என்பதை 1779இல் இங்கென்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் காட்டினார்.

இலையின் இருபுறமும், அடிப்புறத்தில் மிகுதியாகவும், கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கரியமில வாயு உட்புகுகிறது. வேர் அனுப்பிய நீர் நரம்புகள் வழியே வந்து சேர்கிறது. பச்சையம் சூரிய ஒளியைப் பற்றி, அதன் வலிமையால் நீரைப் பிளக்கிறது. நீரிலிருந்த பிராணவாயு வெளியேற, எஞ்சிய ஹைட்ரஜனைக் கொண்டு கரியமில வாயு சர்க்கரையாக மாற்றப்படுகிறது. இம்மாற்றத்தின் படிகளைத் தெளிவாக்கியமைக்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இதுவே ஒளிச்சேர்க்கை. 10,000 பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 4 பங்குதான். 1 கிலோ செல்லுலோஸ் உண்டாக ஏறத்தாழ 1.6 கிலோ கரியமில வாயு வேண்டும். அவ்வளவையும் பெற 2,000 கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றை இலை அலச வேண்டியிருக்கிறது. தறியில் ஓடும் பாவும் ஊடையும் காற்றும் நீரும் வெயிலும் சேர்ந்த சரக்கே.

அப்படியானால் எரு எதற்கு? பச்சையத்தின் நடுவே மக்னீசியமும் அதனைச் சுற்றித் தழைச்சத்தும் உள்ளன. அளவிற் சிறிதாயினும் இவையின்றி இலை பச்சை கொள்ளாது. எரு செடியின் ஆகாரமன்று. ஆகாரம் சமைக்கும் அடுப்பிற்குரிய பண்டம் எனலாம்.

இலை சமைத்த சர்க்கரை காய்க்குச் செல்கிறது. ஒரு காய்க்கு அதனை அடுத்துள்ள இலையே முதன்மையான படியளப்பு. பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதைத்தோலிலிருந்து எழுந்த ஒரே உயிரணு. பூ மலர்ந்தபின் ஏறத்தாழ 3 வாரம் அது நீளத்தில் மட்டும் வளரும். அப்போது அது மெல்லிய சுவருடைய வெறுங்குழல். பின்னர் 3, 4 வாரங்கள் அதன் உட்புறத்தில் செல்லுலோஸ் படலம் படலமாகப் படியும். மர வளையங்களைப் போல் நாளுக்கொரு படலம் உண்டாவதை 1919இல் லாரன்ஸ் பால்ஸ் கண்டறிந்தார். இக்காலத்தில் சர்க்கரை குன்றினால், இழை நீளமாக இருந்தும் சுவர் தடிக்காது. காய் வெடித்து உலர்ந்ததும் அவ்விழை தட்டை நாடாவாய் மடங்கும். பிற இழைகளோடு சிக்கி முடிச்சாகும். சாயத்தை ஏற்கும் பொருள் அதிற் குறைவாதலின் வெளிறித் தோன்றும்.

இலைக்கு வெயில் குறைவது எதனால்? மேகமூட்டம் நம் கையில் இல்லை. செடிகளை நெருக்கி வைப்பதும், தழைச்சத்தை அளவின்றி இடுவதும் நம் கையிலுள்ளவை. காடு கறுத்துச் செழித்திருப்பது கண்ணுக்கு அழகுதான். ஆனால் மேலிலைகள் கீழிலைகளை மறைத்து, கீழுள்ள சப்பைகளும் பிஞ்சுகளும் உதிரும். தப்பிய காய்களும் மெலியும். எருவுக்குச் செலவிடத் தயங்காத நம்மவர், வெயிலுக்கு இடைவெளி விடத் தயங்குவது வியப்பே. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சி இலை ஓரம் சிவந்து சுருண்டாலும் விளைவு இதுவே. காய் தடிக்கும் பருவத்தில், இனிப் பூ இல்லையென்று காட்டைக் கவனியாது விடுதல் கூடாது.

ஐயமுள்ளோர் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். மாலையில் செடியிலுள்ள ஓர் இலையின் பாதியை இருபுறமும் கறுப்புத்தாளால் மூடுக. மறுநாள் நல்ல வெயில் காய்ந்தபின் பறித்து, தாளை நீக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் இடுக. பிறகு அடுப்பை முற்றும் அணைத்துவிட்டு, அந்தச் சுடுநீரில் ஸ்பிரிட் உள்ள கிண்ணத்தை நிறுத்தி, இலையை அதில் இடுக. ஸ்பிரிட் தீப்பற்றும் பொருளாதலால் அருகில் நெருப்பு ஆகாது. பச்சை நீங்கியதும் இலையைக் கழுவி, நீர் கலந்த அயோடின் சில துளிகள் விடுக. வெயில் கண்ட பாதி, சர்க்கரையிலிருந்து உண்டான மாவுச்சத்தால் கருநீலமாகும். மூடியிருந்த பாதி மஞ்சளாகவே நிற்கும்.