நாற்காலி தந்தவருக்கு நன்றிக்கடன் இல்லை

அன்பு மகளே,

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பெரியப்பா, என்றாவது ஒரு மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார வேண்டும். எந்த மாநிலத்தில் தொழில் தொடங்கினால் வழி சுலபம்?" என்றாய். அயோவாவில் முப்பது வருடங்கள் மேல்முறையீட்டு வழக்குகள் நடத்தியவன் என்ற முறையில் யோசித்து எழுதுகிறேன். உன்னைப் போல் இப்போதுதான் வழக்கறிஞராக உறுதிமொழி எடுத்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன்.

உன் ஆசை நல்ல ஆசை. வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் ஒன்பது பேரைத்தான் ஊர் உலகம் பார்க்கிறது. ஆனால் அமெரிக்காவின் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மாநில நீதிமன்றங்களில்தான் முடிகின்றன. ஒரு மாநிலத்தின் அரசியலமைப்புக்கு என்ன பொருள் என்பதில் கடைசி வார்த்தை அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துடையது. அயோவா இன்னும் மாநிலமாகக்கூட ஆகாத 1839இல், மிசூரியிலிருந்து வந்த ரால்ஃப் என்ற அடிமை மனிதரைப் பழைய எஜமானர் திரும்பப் பிடித்துப்போகக் கூடாது என்று இங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. 1868இல், மஸ்கடீன் ஊரில் சூசன் கிளார்க் என்ற கறுப்பினச் சிறுமிக்கு வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே இடம் தர வேண்டும் என்றது. நாடு முழுவதற்கும் அதே நியாயம் வந்து சேர 1954 ஆனது. இடையில் 86 ஆண்டுகள். அப்படிப்பட்ட இருக்கைக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை.

இனி வழிகளைச் சொல்கிறேன். ரோட் ஐலண்டில் நியமனம் பெற்றால் ஆயுள் முழுவதும் பதவி. மாசசூசெட்ஸில் எழுபது வயது வரை. வர்ஜீனியாவிலும் தென் கரோலினாவிலும் சட்டமன்றமே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறது. விஸ்கான்சினில் பத்தாண்டுப் பதவிக்கு மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்க வேண்டும். டெக்சஸில் கட்சிப் பெயரோடேயே நிற்க வேண்டும். ஐம்பதில் 38 மாநிலங்களில் ஏதோ ஒரு கட்டத்தில் வாக்காளர் முன் போய் நின்றே ஆக வேண்டும்.

மிசூரி 1940இல் வேறொரு வழி கண்டது. கான்சஸ் சிட்டியில் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் புள்ளியின் கூட்டம் நீதிமன்றத் தேர்தல்களையும் கைக்குள் வைத்திருந்ததைக் கண்டு வெறுத்த மக்கள் கொண்டுவந்த முறை அது. ஏழு பேர் கொண்ட குழு: வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுக்கும் மூவர், ஆளுநர் அமர்த்தும் பொதுமக்கள் மூவர், நீதிபதி ஒருவர். குழு மூன்று பெயர்களைத் தரும். ஆளுநர் அதில் ஒன்றை எடுத்தாக வேண்டும். ஓராண்டாவது பணியாற்றிய பிறகு எதிர் வேட்பாளர் இல்லாமல் மக்களிடம் ஒரே கேள்வி போகும்: இவர் தொடரலாமா, கூடாதா? அயோவாவும் 1962இல் இதே போன்ற முறைக்கு வந்தது.

எந்த வழி சுலபம் என்று கேட்டாய் அல்லவா? சுலபம் என்று ஒன்று இல்லை மகளே. எந்த வழியில் போனாலும் நாற்காலியை யாராவது ஒருவர்தான் உனக்குத் தருவார். நியமனமானால் ஆளுநர், சட்டமன்றமானால் உறுப்பினர்கள், தேர்தலானால் பணம் கொடுத்தவரும் வாக்குப் போட்டவரும். "செய்த உதவியை மறந்துவிடாதே" என்று வீட்டில் சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். இந்த ஒரு வேலையில் மட்டும் அதை மறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவைப் பார். மாஸி என்ற நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக ஹியூ கேப்பர்ட்டன் என்ற சிறு சுரங்க முதலாளி 5 கோடி டாலர் இழப்பீடு வென்றார். மேல்முறையீடு அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு வரவிருந்த 2004இல் அங்கே நீதிபதி தேர்தல். மாஸியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், அந்தத் தேர்தலில் நின்ற பிரென்ட் பெஞ்சமின் வெற்றி பெற 30 லட்சம் டாலர் செலவழித்தார். வென்ற பெஞ்சமின் வழக்கிலிருந்து விலக மறுத்தார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இழப்பீடு ரத்தானது. மூவரில் அவரும் ஒருவர். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான். பெஞ்சமின் மனதில் உண்மையிலேயே சாய்வு இருந்ததா என்று அந்தத் தீர்ப்பு ஆராயவில்லை. இருந்திருக்கக்கூடிய ஆபத்தே போதும் என்றது. "என் மனசாட்சி சுத்தம்" என்று நீ சொல்வது போதாது. தோற்றவன் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் என்ன சொல்வான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று தொகை எங்கோ போய்விட்டது. 2025இல் விஸ்கான்சினில் ஒரே ஒரு இருக்கைக்காக இரு தரப்பும் சேர்ந்து செலவழித்தது 10 கோடி டாலருக்கும் மேல்.

நியமன முறை இதற்கெல்லாம் மருந்து என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். 2010 நவம்பர் அந்த நம்பிக்கையை உடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி அயோவா உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் மணம் செய்வதைத் தடுத்த சட்டம் மாநில அரசியலமைப்பின் சமத்துவ உறுதிக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக. தீர்ப்பை எழுதிய மார்க் கேடியை அமர்த்தியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டாட். தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸும் அவர் நியமித்தவரே.

அடுத்த தேர்தலில் டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர் மூவரும் "தொடரலாமா" கேள்விக்கு நிற்க வேண்டியிருந்தது. வெளிமாநில அமைப்புகளின் பணம் எதிர்ப்புப் பிரசாரத்தில் கொட்டியது. மூவரும் நிதி திரட்டவில்லை, பிரசாரக் குழு அமைக்கவில்லை. நீதிபதி வாக்குக் கேட்டு அலைந்தால் இந்த முறையையே நாம் கெடுத்தவர்களாவோம் என்பது அவர்கள் முடிவு. சுமார் 54, 55 சதவீதத்தினர் வேண்டாம் என்று குத்தினார்கள். 1962க்குப் பிறகு அதுவரை அயோவாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி யாரும் அப்படி வெளியேற்றப்பட்டதில்லை.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் முன் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன்; தோற்றும் இருக்கிறேன். நீதிபதிகள் தங்களுக்காகப் பேசக் கூடாது என்றால் வேறு யார் பேசுவது? நாங்கள்தான், வக்கீல்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் போலத் தேறிவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். அந்தத் தப்பு இன்னும் உறுத்துகிறது. நீ நீதிபதியாகும் வரை வக்கீல்தானே. அதுவரை அந்த வேலை உன்னுடையது.

மூவர் போனாலும் தீர்ப்பு நின்றது. 2016இல் கேடி அதே கேள்விக்கு நின்றபோது மக்கள் அவரைத் தொடரச் சொன்னார்கள். ஆனால் அந்த மூவரும் கையெழுத்திட்ட நாளில் இதில் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பதவி போகலாம் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

அதனால் மாநிலத்தைத் தேடி அலையாதே. நல்ல வேலை கற்றுத்தரும் சீனியர் எங்கே கிடைக்கிறாரோ அங்கே இரு. கேஸ் கட்டை முழுக்கப் படிக்காமல் நீதிமன்றப் படியேறாதே. உனக்கு எதிரான முன்தீர்ப்பை நீயே எடுத்துச் சொல். ஒருநாள் நீ விண்ணப்பிக்கும்போது, நீ நடத்திய வழக்குகளில் எதிரே நின்ற வக்கீல்கள் யார் என்று கேட்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு உன்னைப் பற்றி விசாரிப்பார்கள். உன்னிடம் தோற்றவரும் "அவள் சொன்ன சொல்லை நம்பலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த விசாரணைக்கான பதில்களை நீ இன்றிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. பதவி போனாலும் வாழத் தெரிந்திரு. கடனைக் குறைவாக வை, தொழிலைக் கைவிடாதே, நாற்காலியைத் தவிர வேறு அடையாளம் இல்லாத மனுஷியாக ஆகிவிடாதே. இழக்க முடியாத நிலையில் இருப்பவளால் துணிந்து எழுத முடியாது.

வரும் திங்களன்று நீதிபதியின் சட்ட உதவியாளராக வேலையில் சேருகிறாய். முதல் வழக்குக் கட்டு மேசைக்கு வரும். படித்ததும் யார் ஜெயிப்பார் என்று உனக்கே தோன்றிவிடும். அப்போது, தோற்கப்போகிறவர் கொடுத்த மனுவை எடுத்து முதலிலிருந்து இன்னொரு முறை படி. அவருடைய மிக வலுவான வாதத்தை அவரைவிட நன்றாக ஒரு பக்கத்தில் எழுது. அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் மட்டும் மேலே போ. நாற்காலி வந்தாலும் வராவிட்டாலும், நீதிபதியின் வேலையை நீ அன்றே தொடங்கியிருப்பாய்.

அன்புடன்,
உன் பெரியப்பா