அயன்மொழி கற்பார்க்கு இணையவழிக் கற்றற்சூழல்

மொழி கற்றலென்பது நூலொன்றை வாங்கி முதலினின்று முடிவுகாறும் படித்துவிடுதல் அன்று. செவிக்குக் கேள்வியும், கண்ணுக்கு எழுத்தும், நாவுக்குப் பேச்சும், பிழை நேர்ந்தவிடத்துத் திருத்துவாரும் நாடோறும் வாய்க்கப்பெற்ற சூழலொன்றில் வாழ்தலே அதுவாம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியராகிய சீகன்பால்கு ஐயர் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். அவர் உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அமர்த்திச் சிறுவரோடு சிறுவராய்த் தரையிலமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் துணைக்கொண்டார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து 1708இல் அவற்றிற்கோர் அட்டவணையும் வகுத்தார். தமக்கு வேண்டிய சூழலைத் தாமே அமைத்துக்கொண்டாரென்பது இதனாற் பெறப்படும்.

அவருடைய தாய்மொழியை யாம் சிலர் கற்கத் தொடங்கியபொழுது இவ்வழியைப் பின்பற்றினோமல்லோம். கைப்பேசியில் ஒன்பது செயலிகளை நிரப்பினோம். அவற்றுளொன்று, நூறு நாள் இடையறாது பயின்றமைக்காக எம்மைப் பாராட்டவுஞ் செய்தது. பின்னொருநாள் ஜெர்மனியினின்றும் வந்த முதியவர் ஒருவர், நீங்கள் எவ்வூரினரென்று தம் மொழியில் எளிதாய் வினவினார். வினா விளங்கிற்று, விடையோ நாவில் எழவில்லை. எம்முள் ஒருவர் செவிலியர் பணிக்காக அந்நாடு செல்லக் கருதியிருந்தவர். நோயாளி தம் வலியைக் கூறுங்கால் நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்வார் யாருமிலர் என்று அவர் அன்று வருந்திக் கூறியது எம்மனத்தைத் தைத்தது. கண்ட சொல்லை இன்னதென்று அறிதல் வேறு. காணாத சொல்லை உள்ளத்தினின்றும் எடுத்தல் வேறு. யாம் முன்னதையே பயின்று பின்னதைப் பெற்றதாக மயங்கினோம்.

இனி, சூழலை அமைக்கும் முறையை ஆராய்வாம். முதற்கண் வேண்டுவது எல்லை. ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட பொதுச்சட்டகம், மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுத்துள்ளது. அவற்றுள் எப்படியை எய்தவேண்டுமென்பதைத் துணிந்த பின்னரே கருவிகளைத் தேடுதல் முறையாம். கருவிகளைச் செயல்நோக்கி நான்காக வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது கேள்வி. ஜெர்மனியின் அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமாகிய டாய்ச்ச வெல்லெ, ‘நீக்கோஸ் வேக்’ என்னும் காட்சிப்பாடத்தை விலையின்றி வழங்குகிறது. விமான நிலையத்தில் பையைத் தொலைத்த இளைஞன் ஒருவனுடைய கதையின்வழி அது பி1 படிவரை அழைத்துச்செல்லும். கேட்குங்கால் ஒலியைத் தமிழெழுத்தால் எழுதி நம்பியிருத்தல் கூடாது. ‘முன்பே’ எனவும் ‘அழகிய’ எனவும் பொருள்படும் இருசொற்கள் அம்மொழியில் ஓருயிரொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னையது நம் ஓகாரத்தையொத்தது. பின்னையதற்கு ஓகாரத்துக்குரியவாறு இதழைக் குவித்து ஏகாரத்தை ஒலித்தல் வேண்டும். இதனைச் செவியே கற்பிக்கும்.

இரண்டாவது நினைவு. எபிங்கவுசு என்னும் அறிஞர் தம்மையே சோதனைப்பொருளாகக் கொண்டு பொருளற்ற அசைகளை மனனஞ்செய்து, மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்தலை 1885இல் வெளியிட்டார். ஆதலின், மறக்குந் தறுவாயில் மீண்டும் நினைவுகூர்தலே பயனுடைத்து. லைட்னர் என்பார் 1972இல் இதற்கென அட்டைப்பெட்டி முறையொன்றை விளக்கினார். தெரிந்த சொல்லட்டை அடுத்த அறைக்குச் சென்று நீண்ட இடைவெளிக்குப்பின் வரும். தவறியது முதலறைக்கே திரும்பும். 2006இல் வெளிவந்த ‘ஆன்கி’ என்னும் செயலி இவ்விடைவெளியைத் தானே கணக்கிடுகிறது. ஆயின் அட்டையைப் பிறரிடம் பெறாது நாமே எழுதுதல் நன்று. தமிழிற் பால் பெரும்பாலும் பொருளைப் பற்றியது. ஜெர்மனிலோ கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால். எனவே பெயர்ச்சொல்லைத் தனித்தெழுதாது பால்காட்டும் சுட்டோடு சேர்த்தெழுதல் வேண்டும்.

மூன்றாவது ஆராய்ச்சி. நல்ல இணைய அகராதியொன்றும் இலக்கணநூலொன்றும் போதும். நம் மொழியறிவு ஈண்டுத் துணைபுரிதலுமுண்டு. ‘நான் நோயுற்றிருப்பதால்’ என்றாற்போலக் காரணங்கூறும் சார்புவாக்கியத்தில் ஜெர்மானியர் வினையை ஈற்றில் வைப்பர். ஆங்கிலம் வழியாக இதனைக் கற்போர் இடர்ப்படுவர். தமிழை நினைந்து கற்போர்க்கு இது பழகிய வழியே.

நான்காவது, யாம் முற்றும் விடுத்த பேச்சும் எழுத்தும். நாள்தோறும் ஐந்து வாக்கியம் நாமே எழுதுதல். அவற்றை வாய்விட்டுரைத்துக் கைப்பேசியிற் பதிவுசெய்தல். வாரமொருமுறை அம்மொழியினர் ஒருவரோடேனும் உடன்கற்பாரோடேனும் காணொலியில் உரையாடுதல். இக்காலத்து உரையாடும் பொறிகளும் திருத்தந் தருகின்றன. ஆனால் நாம் எழுதிய பின்னரே அவற்றை நாடவேண்டும். பொறியே எழுதித்தருமாயின் கற்றது பொறியன்றி நாமல்லோம். அவையும் பிழைபடுதலின் ஐயமுள்ளவிடத்து அகராதியை நோக்குக.

இவ்வாறு வகுத்தபின் எம்முடைய ஒன்பது செயலிகளுள் எட்டு, முதலிரு செயல்களையே செய்வனவென்று கண்டு, ஆறனை நீக்கினோம். இப்பொழுது கேள்விக்குப் பதினைந்து நிமிடம், நினைவுக்குப் பத்து, பேச்சுக்கும் எழுத்துக்கும் இருபது என நாளொன்றுக்கு நாற்பத்தைந்து நிமிடமே செலவிடுகின்றோம். ஆராய்ச்சி எழுத்தோடு உடன்நிகழும். திங்கட்கிறுதியில் பழைய பதிவையும் புதியதையும் ஒருங்குகேட்டு வளர்ச்சியை அளக்கின்றோம். செவிலியராகக் கருதிய அந்நண்பர் இன்று ஐந்து நிமிடம் தடுமாறியும் பிழைபடவும் பேசுகின்றார், ஆயினும் பேசுகின்றார்.

மாணவ நண்பர்காள்! சீகன்பால்கு ஐயர் மணலையும் ஏட்டையும் கொண்டு இயற்றியதை நாம் இணையங்கொண்டு இயற்றலாம். கருவி மிகுதலாற் கல்வி மிகாது. புதிய கருவியொன்றைக் கண்டபொழுதெல்லாம், இதனால் நாம் எதனைச் செய்யப்போகிறோமென்று முதலில் வினவுக. விடை கிடையாதாயின், அதனை விடுத்து இன்றைய ஐந்து வாக்கியங்களை எழுதுக.