அம்பாங் மழையும் ஆழமில்லாத் தொட்டியும்

அன்புள்ள யாழினி,

போன்சாய்க்கு எந்த மண் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடையில் கேட்டால் ஜப்பானிய அக்காடாமாவைக் காட்டுவார்கள். எரிமலைச் சாம்பலில் உருவான களிமண் குருணை அது, நல்ல பொருள்தான். ஆனால் கோலாலம்பூரை ஒட்டிய நம் அம்பாங்கில் பிற்பகலானால் மழை. ஓயாமல் நனையும் அக்காடாமா நாளடைவில் நொறுங்கிச் சேறாகும். விலையும் நம் கைக்கு அடங்காது.

நம் ஊரில் வேருக்குத் தண்ணீர்ப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். தொட்டியில் துளை இருந்தாலும் நீர் முழுக்க வடிவதில்லை. அடியில் ஓர் ஈரப்பட்டை தங்கிவிடும். அது எவ்வளவு உயரம் நிற்கும் என்பது தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல, குருணையின் பருமனைப் பொறுத்தது. பொடிமண்ணில் பல சென்டிமீட்டர் நிற்கும். 5 செ.மீ. ஆழத் தொட்டியில் அப்புறம் வேர் எங்கே மூச்சு விடுவது? அடியில் கூழாங்கல் பரப்பச் சொல்வார்கள். கேட்காதே. ஈரப்பட்டை கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் ஒரு நல்ல சல்லடை வாங்கு. 2 முதல் 6 மி.மீ. வரையுள்ள குருணை போதும்; தூசியைக் கொட்டிவிடு.

எனக்குப் பிடித்தது உடைத்த செங்கல். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், பிரிக்பீல்ட்ஸ் சூளைகளின் செங்கல்லில்தான் ஊர் மறுபடி எழுந்தது. இந்த வட்டாரக் களிமண்ணுக்கு அந்தப் பெருமை உண்டு. நன்றாக வெந்த கல்லாகப் பார்த்து எடு. ஒரு துண்டை இரவெல்லாம் ஊறவை. காலையில் விரலால் நசுங்கினால் வேண்டாம். சிமெண்ட் ஒட்டிய துண்டும் ஆகாது, சுண்ணாம்பு கசியும். அம்பாங்கிலேயே பழைய ஈயச் சுரங்க மணல் கிடைத்தாலும் தொடாதே. அதில் சத்து நிற்காது.

அத்திக்கு மூன்று பங்கு செங்கல், ஒரு பங்கு பியூமிஸ் என்னும் நுரைக்கல், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசு. காகிதப்பூவுக்கு நார்த்தூளைப் பாதியாக்கு. மொட்டைமாடி வெயிலில் வைப்பதானால் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்; இந்தக் கலவை சீக்கிரம் காயும், மழையில்லாத நாளில் இருவேளையும் நீரூற்ற வேண்டிவரும்.

நட்டதும் நீரூற்றிப் பார். சில நொடியில் துளை வழியே ஓட வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் மரத்தை எடுத்துவிட்டு மறுபடி சலி.

அன்புடன்,
பெரியப்பா