படம் தெரிகிறது, பதிவு இல்லை: டிவிஆரில் புது ஹார்ட் டிஸ்க் போட்டவர்களுக்கு 13 குறிப்புகள்

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ், லாங் பஜார் மளிகைக்கடை, ஆம்பூரில் வீட்டு முன்அறையிலேயே ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் என்று இன்று எங்கே பார்த்தாலும் கேமரா. போட்ட நாலைந்து வருடத்தில் பெரும்பாலும் முதலில் மக்கர் செய்வது டிவிஆர் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான். பழைய 500 ஜிபியைக் கழற்றிவிட்டு 2 அல்லது 4 டெராபைட் டிஸ்க் போடுகிறோம். டிவியில் நாலு கட்டத்திலும் வாசலும் மாடிப்படியும் பளிச்சென்று தெரிகின்றன. கேமராக்காரரும் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வாசலில் நின்ற ஸ்கூட்டர் காணாமல் போன அன்றுதான் பெட்டிக்குள் ஒன்றுமே பதிவாகவில்லை என்பது தெரியவரும். நேரலைப் படத்துக்கு டிஸ்க்கே தேவையில்லை. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டாலும் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

1. ஆகவே கேமராக்காரர் கிளம்புவதற்கு முன் பிளேபேக் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புது டிஸ்க் மாட்டி அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு ஒவ்வொரு கேமராவாகத் தேர்ந்தெடுத்து அந்த அரை மணி நேரத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் கேமரா சரியாக இருந்தால் மற்றவையும் சரி என்று விட்டுவிட வேண்டாம். மறுநாள் காலையில், முந்தைய இரவு 2 மணிக்கான பதிவையும் பாருங்கள். பகலில் பதிந்து இரவில் கோட்டைவிடும் பெட்டிகள் நிறைய உண்டு. காரணம் 4-ஆம் குறிப்பில்.

2. பதிவே இல்லையென்றால் மெனுவில் ஸ்டோரேஜ் அல்லது எச்டிடி என்ற பகுதிக்குப் போங்கள். புது டிஸ்க் அங்கே 'அன்இனிஷியலைஸ்ட்' என்று நின்றால், இனிஷியலைஸ் அல்லது ஃபார்மேட் கொடுத்தால்தான் பெட்டி அதில் எழுதத் தொடங்கும். சில மாடல்களில் 'ரீட் ஒன்லி' என்று இருக்கும். அதை 'ரீட்-ரைட்' என்று மாற்ற வேண்டும். 2 டெராபைட் டிஸ்க் அங்கே சுமார் 1863 ஜிபி என்றும், 4 டெராபைட் 3726 ஜிபி என்றும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், பெட்டி 1024-ஆல் வகுக்கிறது.

3. டிஸ்க் பட்டியலிலேயே இல்லையென்றால், பெட்டியின் மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். டிஸ்க்குக்கு இரண்டு ஒயர்கள்: மெல்லியது தகவலுக்கு, அகலமானது மின்சாரத்துக்கு. இரண்டில் ஒன்று அரைகுறையாகச் செருகியிருப்பதுதான் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு. டிஸ்க்கை அடியிலிருந்து பிடிக்கும் நான்கு திருகுகளும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு திருகில் ஆடும் டிஸ்க் சீக்கிரம் கெடும். கையில் கிடைத்த நீளத் திருகை வைத்து முடுக்கினாலும் ஆபத்துதான்.

4. அடாப்டர். புது டிஸ்க் போட்ட பிறகு வரும் புரியாத வியாதிகளில் பெரும்பங்கு இதனுடையது. பெட்டியோடு வருவது பொதுவாக 12 வோல்ட், ஒன்றரை முதல் 2 ஆம்பியர் அடாப்டர். மேசைக் கணினி அளவு டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில், தான் மட்டுமே 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஐந்து வருடம் உழைத்துச் சோர்ந்த அடாப்டர் அதைத் தாங்காது. உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம் வரும், அல்லது பெட்டி தானாக அணைந்து அணைந்து எரியும். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன், அதே 12 வோல்ட்டில் ஆம்பியர் கூடுதலான நல்ல அடாப்டரை மாட்டிப் பாருங்கள். வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் கூடலாம்.

இரவில் மட்டும் பதிவாகாத விஷயமும் இங்கேதான் வருகிறது. காசு மிச்சம் பிடிக்கச் சிலர் கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்தே டிவிஆருக்கும் ஒரு ஒயர் இழுத்துவிடுவார்கள். இருட்டியதும் எல்லாக் கேமராவிலும் அகச்சிவப்பு விளக்கு எரியும், மின் இழுப்பு கூடும், வோல்டேஜ் இறங்கும், டிஸ்க் சுழற்சியை நிறுத்திவிடும். விடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். டிவிஆருக்குத் தனி அடாப்டர் வைத்தால் தீர்ந்தது.

5. பெட்டி பீப் பீப் என்று கத்தினால் மெனுவில் பஸரை அணைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். டிஸ்க் இல்லை, டிஸ்க் பிழை, டிஸ்க் நிரம்பிவிட்டது: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் அது சொல்கிறது. சத்தம் தொல்லை என்று பஸரை அணைத்துக் கொடுக்கும் கேமராக்காரர்கள் இருக்கிறார்கள். மறுபடி இயக்கச் சொல்லுங்கள்.

6. பழைய பெட்டிக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் ஏறும் என்பதற்கு வரம்பு உண்டு. பழைய முறையில் டிஸ்க்கைப் பிரிக்கும் பெட்டிகளால் 2 டெராபைட்டுக்குச் சற்று மேல் எண்ணவே முடியாது. அதில் 4 டெராபைட் போட்டால் சில நேரம் பாதி மட்டும் தெரியும், சில நேரம் டிஸ்க்கே தெரியாது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கான உச்ச அளவைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

7. டிஸ்க்கிலும் ஜாதி உண்டு. டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்யப்பட்டவை. கணினிக்கான சாதாரண டிஸ்க்கும் ஓடும், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. அதைவிடப் பெரிய தலைவலி, பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதுசென்று விற்பது. மெனுவில் ஸ்மார்ட் என்ற பகுதி இருந்தால் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். புதிது என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 20,000 மணி நேரம் என்று காட்டினால் அது வேறெங்கோ இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்த டிஸ்க். அதே பகுதியில் 'ரீஅலொகேட்டட் செக்டர்' எண்ணிக்கை வாரா வாரம் ஏறினால் டிஸ்க் நாள் எண்ணத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

8. எத்தனை நாள் பதிவு நிற்கும்? கணக்கு சுலபம். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். 2 மெகாபிட் வீதம் நாலு கேமரா என்றால் நாளொன்றுக்கு 86 ஜிபி. பழைய 500 ஜிபியில் ஆறு நாள்கூட நிற்காது. 2 டெராபைட்டில் 23 நாள், 4 டெராபைட்டில் 46 நாள் நிற்கும். பெட்டியும் கேமராவும் அனுமதித்தால் பதிவு முறையை எச்.265-க்கு மாற்றுங்கள். ஏறக்குறைய பாதி இடம் மிச்சமாகும்.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு வேலூரிலேயே பாடம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரில் ஓட்டை போட்டு 15 கிலோ அளவுக்கு நகை போனது. முகமூடி போட்டவன் உள்ளே கேமராவுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது பதிவாகியிருந்தது. சுவரைத் துளைத்த வேலை ஒரே இரவில் நடந்ததல்ல என்பது விசாரணையில் தெரியவந்தது. நோட்டம் பார்க்க வருகிறவன் முந்தின வாரமே வந்துபோகிறான். ஆறு நாள் டிஸ்க்கில் அவன் இருக்க மாட்டான். காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படியும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். 20 முதல் 30 நாள் என் கணக்கில் போதும்.

9. முதல் மாதம் நன்றாகப் பதிந்து, பிறகு நின்றுபோனால் 'ஓவர்ரைட்' அணைந்திருக்கலாம். அதை இயக்கினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும். இரண்டு டிஸ்க் போடும் பெட்டிகளில் இன்னொரு சிக்கல்: கேமராக்கள் முதல் குழுவுக்கு எழுதும்படி அமைந்திருக்கும், புது டிஸ்க்கோ இரண்டாம் குழுவில் காலியாக உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரே குழுவில் சேருங்கள்.

10. தேதி, நேரம். டிஸ்க் மாற்றப் பெட்டியை அணைத்தபோது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருந்தால், கடிகாரம் 2000-ஆம் வருடத்துக்கோ வேறெங்கோ போய்விடும். பதிவு இருக்கும், ஆனால் இன்றைய தேதியில் தேடினால் கிடைக்காது. பலர் பதிவே இல்லை என்று முடிவு கட்டுவது இப்படித்தான். சிஆர்2032 பேட்டரியை மாற்றி, நேர மண்டலத்தை 5:30 கூட்டல் என்று வைத்துச் சரிசெய்யுங்கள்.

நேரம் தப்பாக இருந்தால் வழக்கிலும் இடிக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்) உள்ள சான்றிதழும் கொடுக்க வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் பெட்டியின் நேரத்தையும் கைபேசியின் நேரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் பகுதி அழிந்துவிடாமல் பூட்டி வைக்க மெனுவில் வழி இருந்தால் பூட்டுங்கள். பிரதி எடுக்கும் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால்தான் பல பெட்டிகள் ஏற்கும்.

11. எங்கே வைக்கிறீர்கள்? வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருடன் கண்ணில் படக் கூடாது என்று பரணில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பெட்டியை ஒளித்து வைத்தால், கத்திரி வெயிலில் திருடன் வருவதற்கு முன் டிஸ்க் போய்விடும். பூட்டிய மர ஷோகேஸும் அதே கதைதான். கண்காணிப்பு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பவர்கள் சொல்லும் உச்சம் பெரும்பாலும் 65 டிகிரி. ஸ்மார்ட் பகுதியில் 50-ஐத் தாண்டினாலே இடத்தை மாற்றுங்கள். நாலு பக்கமும் ஒரு சாண் காற்றோட்டம் இருக்கட்டும். தையல் மெஷின் ஓடும் அறையில் தோல் தூசு பெட்டியின் துளைகளை அடைக்கும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது.

12. இது நம் பக்கத்துக்கு மட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் டேனரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அழுகிய முட்டை வாடை பழக்கமானது. தோலில் முடி நீக்கப் போடும் சல்ஃபைடு, கழிவில் அமிலம் சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கிளம்புகிறது. வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைக் கறுக்க வைக்கும் அதே வாயு மின் இணைப்புகளில் உள்ள செம்பையும் வெள்ளியையும் விட்டுவைக்காது. கேபிளைக் கழற்றி மறுபடி செருகியதும் டிஸ்க் சரியாகி, சில மாதத்தில் திரும்பத் தொலைகிறதென்றால் இதைச் சந்தேகியுங்கள். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். மின் சாதனக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, புது சாட்டா தகவல் கேபிள் மாட்டுங்கள். அதன் விலை ஒரு பிரியாணியைவிடக் குறைவு. கழிவுக் கால்வாய் பக்கத்து ஜன்னலை விட்டுப் பெட்டியைத் தள்ளி வைப்பதும் உதவும். கூடவே, எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்று: டிவிஆரும் மோடமும் மட்டும் ஓடும்படி சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தால், கரண்ட் போய்ப்போய் வருகிற நாட்களில் டிஸ்க் அடிபடாது. கேமராக்களும் அதிலேயே ஓட வேண்டுமென்றால் யுபிஎஸ் பெரிதாக இருக்க வேண்டும்.

13. கழற்றிய பழைய டிஸ்க்கை அன்றே காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழைய பதிவு தானாகப் புது டிஸ்க்குக்கு வராது, அது இதில்தான் இருக்கிறது. இதைக் கணினியில் மாட்டினால் விண்டோஸுக்கு டிவிஆரின் எழுத்துமுறை புரியாமல் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்று தட்டினால் பதிவு போச்சு. வேறு கம்பெனி டிவிஆரில் மாட்டினாலும் இதே ஆபத்து. பார்க்க வேண்டுமானால் அதே பெட்டியில் திரும்ப மாட்டித்தான் பார்க்க வேண்டும். தேதி எழுதி ஒரு மாதம் பீரோவில் வையுங்கள். புது டிஸ்க் ஒரு மாதம் ஒழுங்காகப் பதிந்த பிறகு, பழையதை அதே டிவிஆரில் மாட்டி ஃபார்மேட் கொடுங்கள். ஃபார்மேட் செய்த டிஸ்க்கிலிருந்தும் மீட்டெடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை மணிக்கு வெளியே போகிறார்கள், வீடு எப்போது பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விற்கிற எண்ணம் இல்லையென்றால் திருகுகளைக் கழற்றி உள்ளே இருக்கும் தட்டில் ஆணியால் ஆழமாகக் கீறிவிட்டு மின்கழிவில் சேருங்கள். சில தட்டுகள் கண்ணாடி, தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.